ஊர் தேடிச் செல்லும் இளஞ்சிவப்பு நாடா

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஹைதராபாத் நகரம் சில இரவுகள் நிறம் மாறுகிறது. 1591ஆம் ஆண்டில் எழுந்த சார்மினாரின் நான்கு கோபுரங்களிலும், உசேன் சாகர் ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலையிலும் இளஞ்சிவப்பு ஒளி பாய்ச்சப்படுகிறது. கே.பி.ஆர். பூங்காவை ஒட்டிய சாலையில் இளஞ்சிவப்பு நாடா அணிந்தோர் காலை நடைப்பயணம் செல்கின்றனர். மார்பகப் புற்றுநோயைப் பற்றிய விழிப்புணர்வுக்காக அந்நகரம் மேற்கொள்ளும் முயற்சிகள் இவை.

எனினும், நகரத்து விளக்கொளி அதே மாநிலத்தின் சிற்றூரில் வயல்வேலை முடித்து வீடு திரும்பும் பெண்ணின் கண்ணில் படுவதில்லை. அவரிடம் செய்தி சென்று சேர வேண்டுமெனில் யாரேனும் சாலையில் இறங்கிப் பயணம் செய்தே ஆக வேண்டும். சென்ற இடத்தில் பேசினால் மட்டும் போதாது. அப்பெண் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். ஏனெனில், இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தாமதமே. அந்தத் தாமதத்தின் காரணம் ஒவ்வொரு பெண்ணின் கதைக்குள்ளும்தான் ஒளிந்திருக்கிறது. அத்தகைய பயணங்கள் எதைச் சாதிக்கின்றன, எதைச் சாதிக்க இயலாது, அவற்றிலிருந்து நம் இல்லங்கள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்கள் சொல்லும் செய்தி

உலக அளவில் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் அதே ஆண்டில் புதிதாக நோயுற்றோர் சுமார் 1 இலட்சத்து 92 ஆயிரம் பேர். இறந்தோர் சுமார் 98 ஆயிரம் பேர்.

கணக்கு வழக்குகளோடு பழகியவர்கள் இவ்விரு வரிசைகளையும் ஒப்பிட்டாலே ஓர் உண்மை விளங்கும். உலக அளவில் புதிய நோயாளர் எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் உள்ள விகிதம் பத்துக்கு மூன்று என்ற அளவில் இருக்க, நம் நாட்டில் அது பத்துக்கு ஐந்து என்றிருக்கிறது. நோய் ஒன்றே, மருந்துகளும் பெரும்பாலும் அவையே. வேறுபாட்டின் பெரும்பகுதி, நோயாளி எந்த நிலையில் மருத்துவமனையின் படியேறுகிறார் என்பதில் இருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே வருபவருக்கு மார்பகத்தை முழுமையாக நீக்காமலே சிகிச்சை செய்ய வாய்ப்புண்டு, செலவும் குறைவு, நலம் பெறும் நம்பிக்கையும் மிகுதி. நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிய பின் வருபவருக்கு அவ்வாய்ப்புகள் ஒவ்வொன்றாக மூடிவிடுகின்றன.

மூன்று வீடுகளின் துயரம்

தென்னிந்தியாவின் புற்றுநோய் மருத்துவமனைகள் சிலவற்றின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், அவற்றின் அடித்தளத்தில் ஒரு குடும்பத்தின் கதை இருப்பதைக் காணலாம்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தார். நோய் உரிய காலத்தில் சரியாகக் கண்டறியப்படாமல் போனதே அவர் மனத்தை வாட்டியது. அத்துயரைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் பொதுமன்றத்தில் பேசிய அவரது முயற்சியால் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டு மறையும்வரை அந்நிறுவனத்தையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார்.

ஹைதராபாத்தில், ஆந்திர முதல்வராக இருந்த என்.டி. ராமாராவின் துணைவியார் பசவதாரகம் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கி பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் எழுந்த மருத்துவமனை 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1955ஆம் ஆண்டிலிருந்து, ரெட் ஹில்ஸ் பகுதியில் இயங்கிவரும் மெஹ்தி நவாஸ் ஜங் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை ஏழை எளியோருக்குத் தொண்டாற்றி வருகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது கதை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. இங்கிலாந்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்த டாக்டர் பி. ரகுராமின் தாயார் டாக்டர் உஷாலட்சுமி, தாமே ஒரு மகளிர் நோய் மருத்துவர். அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மகன் தாயகம் திரும்பி, 2007ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் தாயின் பெயரால் மார்பக நோய்களுக்கென்றே ஒரு மையத்தையும், உஷாலட்சுமி மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளையையும் தொடங்கினார். மருத்துவரான ஒரு பெண்மணி தம் நோயை மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்ல முன்வந்தது அந்நாளில் சிறு செய்தியன்று. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட இளஞ்சிவப்பு ஒளியும் நடைப்பயணமும் அவ்வறக்கட்டளையின் முயற்சியால் வேரூன்றியவை.

தங்கை, மனைவி, தாய் என்று மூன்று வீடுகளின் துயரம் மூன்று நிறுவனங்களாகியிருக்கிறது. அந்த வீடுகள் நோயைப் பற்றி வாய்திறவாமல் இருந்திருந்தால் இவை எவையும் தோன்றியிருக்கமாட்டா. விழிப்புணர்வுப் பயணங்களில் நோயிலிருந்து மீண்ட பெண்களையே முன்வரிசையில் பேசச் செய்வதன் பொருள் இதுவே. மருத்துவர் ஒரு மணி நேரம் சொல்லும் விளக்கத்தைவிட, "எனக்கும் வந்தது, சிகிச்சை பெற்றேன், இதோ உங்கள் முன் நிற்கிறேன்" என்று பக்கத்து ஊர்ப் பெண் சொல்லும் சொல் கேட்போரின் உள்ளத்தில் ஆழமாகப் பதிகிறது.

நாடா வந்த வழி

அக்டோபர் மாதத்தை மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கென ஒதுக்கும் வழக்கம் 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது. இளஞ்சிவப்பு நாடா 1992ஆம் ஆண்டில் அதன் அடையாளமாயிற்று. இன்று அந்நாடா சட்டைப் பையிலும், கடை வாயிலிலும், தொலைபேசித் திரையிலும் காணப்படுகிறது. அடையாளம் எங்கும் பரவியது நன்றே. ஆனால் நாடாவை அணிந்தவர் அனைவரும் பரிசோதனை செய்துகொண்டவர் அல்லர். அடையாளத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே சாலைப் பயணம் தேவைப்படுகிறது.

நெடுஞ்சாலையிலிருந்து கிராமத்திற்கு

இந்தியாவின் இரு பெரும் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊர் ஹைதராபாத். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை செல்லும் 44ஆம் எண் சாலை அதன் வழியே தெற்கே இறங்கி, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை எனத் தமிழகத்தைத் தொடுகிறது. புனேயிலிருந்து மசூலிப்பட்டினம் செல்லும் 65ஆம் எண் சாலை கிழக்கே சூர்யாபேட்டை, விஜயவாடா நோக்கிச் செல்கிறது. எத்திசையில் புறப்பட்டாலும் ஒரு மணி நேரத்தில் நகரம் மறைந்து, பருத்தியும் நெல்லும் விளையும் ஊர்கள் தொடங்கிவிடுகின்றன. மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படக் கருவி உள்ள மருத்துவமனைகளோ பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றன.

இந்நிலையில் உஷாலட்சுமி அறக்கட்டளை 2012 முதல் 2016 வரை தெலங்கானா, ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் ஒரு பரிசோதனைத் திட்டத்தை நடத்தியது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பரிசோதிக்கப்பட்டனர். கருவியை ஊர் ஊராகக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக, அவ்வூர்களிலேயே பணியாற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கு மார்பகத்தைக் கைகளால் முறையாகப் பரிசோதிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஐயத்திற்குரிய மாற்றம் தென்பட்ட பெண்கள் மட்டும் அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். மார்பக நலம் குறித்து இந்தியாவில் பேசப்படும் 12 மொழிகளில் அவ்வறக்கட்டளை ஒரு கைப்பேசிச் செயலியையும் வெளியிட்டது.

கைகளால் செய்யும் பரிசோதனை நம்பத்தக்கதா என்னும் ஐயம் எழலாம். அதற்கு மும்பையில் நடந்த நீண்ட ஆய்வு ஒன்று விடை தருகிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஆய்வில் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயதுவரையிலான 1,51,538 பெண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் கைகளால் பரிசோதனை செய்தனர். இருபது ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2021ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. பரிசோதனை பெற்ற பிரிவில் நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது குறைந்திருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் இறப்பில் அத்தகைய பயன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும், பயிற்சி பெற்ற கைகள் உயிர் காக்கும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் செய்தி.

நம் நாட்டின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில், 30 வயது கடந்த பெண்களுக்கு வாய், கருப்பை வாய், மார்பகம் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குமான பரிசோதனை சேர்க்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் 2023ஆம் ஆண்டில் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் மக்களை நாடிச் சென்று புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம்.

வழியில் கேட்கும் நான்கு பதில்கள்

"ஏன் முன்னரே வரவில்லை?" என்ற கேள்விக்கு ஊர்தோறும் வரும் பதில்கள், மொழி மாறினாலும் பொருள் மாறாதவை. அவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது: "வலி இல்லையே." மிகப் பரவலான பதிலும் மிக ஆபத்தான பதிலும் இதுவே. தொடக்க நிலையில் மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்தால்தான் நோய் என்று எண்ணிப் பழகிய நாம், வலியில்லாத கட்டியை உடலின் இயல்பென்று விட்டுவிடுகிறோம். மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தென்படும் கட்டி, தோலில் குழி விழுதல், ஆரஞ்சுப் பழத் தோலைப் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல், காம்பைச் சுற்றி ஆறாத புண், இரு மார்பகங்களின் அளவிலோ வடிவிலோ புதிதாகத் தோன்றும் வேறுபாடு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், வலி இருப்பினும் இல்லாவிடினும், மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டாவது: "யாரிடம் சொல்வது?" கூச்சம் இதன் ஒரு பகுதி மட்டுமே. கணவரிடம் சொன்னால் கலங்குவார், மாமியாரிடம் சொன்னால் வீட்டில் பேச்சாகிவிடும், மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்னாவது என்று எண்ணி எண்ணி மாதங்கள் கழிகின்றன. மார்பகப் புற்றுநோய் தொற்றுநோயன்று. பரம்பரை மரபணுக் குறைபாட்டால் வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்கு மட்டுமே. ஆகவே, தாய்க்கு நோய் வந்தது என்பதற்காக மகளின் திருமணத்தைத் தட்டிக்கழிப்பதில் நியாயம் இல்லை. அதே வேளையில், நெருங்கிய உறவினர் பலருக்கு, குறிப்பாக இளவயதில், இந்நோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவேண்டிய முன்னெச்சரிக்கை கிடைக்காமல் போகிறது.

மூன்றாவது: "அறுவடை முடியட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும்." குடும்பத்தில் தம் முறையைக் கடைசியாக வைத்துக்கொள்வது நம் பெண்களின் பழக்கம். பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, கணவரின் சர்க்கரை நோய் மருந்து ஆகிய அனைத்தும் முடிந்த பின்னரே தம் உடல்நலம் நினைவுக்கு வருகிறது. இப்பதிலை மாற்றவேண்டிய பொறுப்பு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. கணவரும் மகனும் நாள் குறித்து, உடன் அழைத்துச் செல்லவேண்டிய கடமை அது. சொல்லப்போனால், நூறு மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஒருவர் ஆணாகவும் இருக்கிறார் என்பதை ஆண்களும் அறிந்திருத்தல் நலம்.

நான்காவது: "தெரிந்து என்ன ஆகப்போகிறது?" புற்றுநோய் என்றாலே முடிவு என்ற எண்ணத்திலிருந்து எழும் பதில் இது. கத்தி வைத்தால் பரவிவிடும், ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடலெங்கும் ஓடிவிடும் என்ற தவறான நம்பிக்கைகளும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. முறையாகச் செய்யப்படும் ஊசித் திசுப் பரிசோதனை நோயைப் பரப்புவதில்லை. பயத்தால் அதைத் தள்ளிப்போடுவதே நோய் பரவ இடமளிக்கிறது. இப்பதிலுக்கு ஏற்ற விடை புள்ளிவிவரம் அன்று. சிகிச்சை முடித்துப் பல ஆண்டுகளாகத் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் நேர்ச்சொல்லே.

மருத்துவரிடம் சென்றால் என்ன நடக்கும்?

அச்சத்தின் பெரும்பகுதி அறியாமையால் வருவது. ஆகவே நடைமுறையை அறிந்துகொள்வது நல்லது. மார்பகத்தில் தென்படும் கட்டிகளில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல. இருப்பினும் எது எந்த வகை என்பதைக் கையால் தொட்டு நாமே முடிவு செய்ய இயலாது. அதற்கெனவே மூன்று படிநிலைகள் கொண்ட பரிசோதனை முறை உள்ளது.

முதற்படியாக மருத்துவர் மார்பகத்தையும் அக்குளையும் பரிசோதிப்பார். பெண் மருத்துவரோ, உடன் ஒரு செவிலியரோ வேண்டும் என்று தயக்கமின்றிக் கேட்கலாம். இரண்டாவது படி, படம் எடுத்தல். நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்குப் பொதுவாக மேமோகிராமும், இளவயதினருக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் ஊடுகதிர்ப் படத்தில் கட்டி தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதே இதன் காரணம். மேமோகிராமில் மார்பகம் இரு தகடுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தப்படும். சிறிது அசௌகரியம் இருக்கும். மூன்றாவது படி, ஐயத்திற்குரிய கட்டியிலிருந்து ஊசி மூலம் சிறு திசுவை எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புதல். இம்மூன்றின் முடிவுகளையும் சேர்த்துப் பார்த்த பின்னரே நோய் இருக்கிறதா இல்லையா என்பது உறுதி செய்யப்படுகிறது. திசுப் பரிசோதனை முடிவு வருமுன் அவசர அவசரமாகக் கட்டியை அகற்றிவிடுவது சரியான முறையன்று.

மாதந்தோறும் தாமே மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு முன்னர் வலியுறுத்தப்பட்டது. சீனாவின் ஷாங்காய் நகரில் 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வில், அவ்வாறு முறைப்படி கற்பித்தது மட்டும் இறப்பைக் குறைக்கவில்லை என்று 2002ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதனால் இப்போது மருத்துவர்கள் வேறுவகையில் அறிவுறுத்துகின்றனர்: உங்கள் மார்பகத்தின் இயல்பான தோற்றத்தையும் தன்மையையும் அறிந்திருங்கள், மாற்றம் தெரிந்தால் காத்திராமல் சென்று காட்டுங்கள். சுயபரிசோதனை என்பது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றன்று.

பணம் பற்றிய அச்சம்

வங்கிக் கிளைகளில் பணிபுரியும் எங்களுக்குப் பழகிய காட்சி ஒன்றுண்டு. நிலை வைப்பு இரசீதை நீட்டி, "முதிர்வு வரை காத்திருக்க இயலாது, இன்றே முடித்துக் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்பார். காரணத்தைச் சொல்லமாட்டார். படிவத்தை நிரப்பும்போது உடன் வந்தவர் தாழ்ந்த குரலில், "மருத்துவச் செலவு" என்பார். அந்தப் பணம் பல நேரங்களில் மகளின் திருமணத்திற்கென ஆண்டுக்கணக்கில் சேர்த்ததாக இருக்கும். பணத்தைப் பற்றிய அச்சமே பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்கிறது. தள்ளிப்போன நோயோ மேலும் பெருஞ்செலவை இழுத்துவருகிறது. ஆகவே, நோய் வராத காலத்திலேயே வாடிக்கையாளர்கள் அறிந்திருக்கவேண்டிய சில செய்திகளைத் தொகுத்துத் தருகிறோம்.

அரசுக் காப்பீடு: 2018ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிவகுக்கிறது. 70 வயது நிறைந்த அனைவரும், வருமான வரம்பின்றி, 2024 முதல் இதில் சேரலாம். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் வரம்பு தெலங்கானாவில் 2023 டிசம்பரில் ரூ.10 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. அட்டை இருக்கிறதா, அதில் மனைவி, தாயார் பெயர்கள் சரியாக உள்ளனவா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் காப்பீடு: கடுநோய்க் காப்பீட்டுப் பாலிசிகள் நோய் உறுதியானதும் மொத்தத் தொகையை வழங்குபவை. ஆனால் பாலிசி தொடங்கிய முதல் 90 நாட்களில் கண்டறியப்படும் நோய்க்குப் பொதுவாகத் தொகை கிடைக்காது. மிக ஆரம்ப நிலைப் புற்றுநோயைச் சில பாலிசிகள் ஏற்பதில்லை. விதிமுறைகளைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். கட்டி தென்பட்ட பின் பாலிசி எடுத்து, அதை மறைப்பது பயன் தராது, கோரிக்கை மறுக்கப்படக்கூடும்.

வரிச் சலுகை: பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், 80டி பிரிவின் மொத்த வரம்புக்குள், குடும்பத்தாரின் முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கென ரூ.5,000 வரை கழித்துக்கொள்ளலாம். மனைவியின் மேமோகிராம் செலவும் இதற்குள் அடங்கும்.

பயணச் செலவு: சிகிச்சைக்காக வெளியூர் செல்லும் புற்றுநோயாளிக்கு இந்திய ரயில்வே சலுகை அளிக்கிறது. படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குச் செல்பவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்று தேவை. மாதக்கணக்கில் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் சென்றுவர வேண்டிய குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

வங்கிக் கணக்கு: அவசரத் தேவைக்கு நிலை வைப்பை முடித்துவிடுவதற்கு முன், அதன்மீது கடன் பெறும் வசதியைப் பற்றிக் கிளையில் கேளுங்கள். குறுகிய காலத் தேவையாக இருப்பின், முதிர்வுக்கு முன் முடித்து வட்டியை இழப்பதைவிட இது இலாபகரமாக அமையலாம். மனைவியின் பெயரில் மட்டும் கணக்கு இருந்தால், "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் இணைக் கணக்காக மாற்றிக்கொள்வதும், வாரிசு நியமனத்தைச் சரிபார்ப்பதும் நன்று. நோயால் கையொப்பமிட இயலாத நிலையிலும், இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை பதித்துப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு வரவேண்டும் என்பதில்லை. முதலில் தகவல் தெரிவித்தால் போதும்.

வண்டி சென்ற பின்

விழிப்புணர்வு வண்டி ஓர் ஊரில் சில மணி நேரமே நிற்கும். பாட்டும் பேச்சும் முடிந்து அது அடுத்த ஊருக்குப் புறப்பட்ட பின் அவ்வூரில் என்ன எஞ்சுகிறது என்பதே அப்பயணத்தின் பயனை அளக்கும் அளவுகோல். பரிசோதனைக்கு மறைவான இடமும் பெண் பணியாளரும் இருந்தனரா? ஐயத்திற்குரிய மாற்றம் கண்ட பெண்ணின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவாயினவா? அவர் நகர மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தாரா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டறிய ஆள் உண்டா? இக்கேள்விகளுக்கு விடை இல்லாத முகாம், பெண்ணுக்கு அச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டு வழியைக் கொடுக்காமல் செல்கிறது. தொண்டு நோக்கில் முகாம் நடத்தும் அன்பர்களும் நிறுவனங்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

எஞ்சவேண்டியதைத் தாங்கி நிற்க ஓர் அமைப்பு ஏற்கெனவே நம் கிராமங்களில் உள்ளது. 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி 500 குழுக்களோடு சோதனை முறையில் தொடங்கிய சுயஉதவிக் குழு - வங்கி இணைப்புத் திட்டம், இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. மகளிர் குழுக்கள் தவறாமல் கூடுகின்றன, சேமிப்பைக் கட்டுகின்றன, யார் தவணை கட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்று ஒருவரையொருவர் வெளிப்படையாகக் கேட்கின்றன. பணத்தைப் பற்றி இவ்வளவு தயக்கமின்றிப் பேசும் அக்கூட்டத்தில், ஆண்டுக்கு ஒருமுறை கிராம சுகாதார செவிலியரை அழைத்து, மார்பக நலத்தைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கலாகாதா? நோயிலிருந்து மீண்ட உறுப்பினர் ஒருவர் அங்கே எழுந்து தம் கதையைச் சொன்னால், அடுத்த கூட்டத்திற்குள் இருவரேனும் பரிசோதனைக்குச் சென்றிருப்பர்.

நெடுந்தொலைவுப் பயணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் வீட்டின் கூடத்திலிருந்து சமையலறைவரை நடந்து செல்வது யாருக்கும் இயலும். இவ்விதழை மூடி வைத்ததும் உங்கள் தாயாரிடம், மனைவியிடம், சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது மருத்துவரிடம் காட்டினீர்கள்?" பதில் வரச் சற்று நேரம் ஆகலாம். குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு, அவருடன் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.